ஓக்வுட் 2003: அந்தச் சிப்பாய்கள் சொன்னது மெய்யாக இருந்தால்?

ஒரு வாசகரின் கேள்வி, 21 செப்டம்பர் 2025

"இன்று மணிலாவில் லுனேட்டா பூங்காவிலும் எட்சா சாலையிலும் ஊழலை எதிர்த்து இவ்வளவு ஜனம். வெள்ளத் தடுப்புப் பணத்தைத் தின்றவர்கள் யாரும் இன்னும் உள்ளே போகவில்லை. ஊழல் இந்த அளவுக்கு முற்றிய பிறகும் ராணுவம் ஏன் கைகட்டி நிற்க வேண்டும்? 2003ல் மக்காத்தியில் ஓக்வுட் கட்டடத்தைப் பிடித்த இளம் அதிகாரிகள் செய்ததுதான் சரி என்பது என் கருத்து. பிலிப்பைன்ஸில் இருக்கும் நம்மவர்கள் யாராவது மறுக்க முடியுமா?"

22 செப்டம்பர் 2025, இரவு

மறுக்கிறேன். அன்று அந்தக் கட்டடத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில்தான் குடியிருந்தேன். என் மனைவியின் தம்பி அப்போது ராணுவத்தில் இருந்தான். நான் இந்த நாட்டுக்கு வந்து இருபத்தொன்பது வருஷம், குடியுரிமை வாங்கிப் பதிமூன்று வருஷம்.

2003 ஜூலை 27, ஞாயிற்றுக்கிழமை. விடியுமுன் தொலைபேசி அடித்தது. மரிக்கினாவிலிருந்து மாமியார். "என் பிள்ளை அங்கே இருக்கானா பாருங்க" என்று அழுகிறார். எங்கே என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. டிவியைப் போட்டோம். கையில் சிவப்புப் பட்டை கட்டிய படைவீரர்கள். பட்டையில் ஒரு சூரியன், நடுவில் பழைய தகாலோக் எழுத்தில் 'க'. முந்நூறு பேருக்கு மேல் இரவோடு இரவாக ஆயாலா வணிகப் பகுதிக்குள் வந்து, ஓக்வுட் என்ற அடுக்குமாடி விடுதியைப் பிடித்து, சுற்றிலும் வெடிமருந்து பதித்து வைத்திருந்தார்கள். உள்ளே தங்கியிருந்தவர்களில் ஆஸ்திரேலியத் தூதரும் ஒருவர். குடியிருந்தவர்களைப் பிறகு வெளியே விட்டார்கள்.

கடற்படை லெப்டினன்ட் அந்தோனியோ திரில்யானெஸ், தரைப்படை கேப்டன் ஹெரார்தோ கம்பாலா ஆகியோர்தான் முன்னால் நின்று பேசினார்கள். அதிபர் குளோரியா மக்கபகல் அரோயோ, பாதுகாப்புத் துறைச் செயலர் ஆஞ்சலோ ரேயஸ், போலீஸ் தலைவர் எப்தானே எல்லோரும் விலக வேண்டும் என்றார்கள். மேலதிகாரிகள் தோட்டாவையும் துப்பாக்கியையும் எதிரிகளான கிளர்ச்சிக்காரர்களுக்கே விற்கிறார்கள் என்றார்கள். அந்த ஆண்டு தாவாவோவில் வெடித்த குண்டுகள் அமெரிக்க உதவிக்காக அரசாங்கமே வைத்தவை என்றார்கள். அரோயோ 'கலக நிலை' அறிவித்தார், மாலை 5 மணி வரை கெடு கொடுத்தார். பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போய், இரவில் எல்லோரும் பாசறைக்குத் திரும்ப ஒப்புக்கொண்டார்கள்.

மச்சினன் அப்போது பாசிலான் தீவில் இருந்தான். சிக்னல் கிடைக்காத இடம். மதியம் மூன்று மணிக்குத்தான் குறுஞ்செய்தி வந்தது: "நான் இங்கேதான் இருக்கேன்." அதைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லி மாமியார் நான்கு தடவை கேட்டார்.

யாரும் சாகவில்லை. இருபத்திரண்டு வருஷம் கழித்து அது அழகாகத் தெரிவதற்கு அந்த ஒன்றுதான் காரணம்.

23 செப்டம்பர்

மனைவி திருத்துகிறாள். 5 மணிக் கெடுவைப் பிறகு 7 மணிக்குத் தள்ளிவைத்தார்கள். அந்த இரண்டு மணி நேரம் அவள் ஜெபமாலையைக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை. அதை எப்படி மறந்தீர்கள் என்று கேட்கிறாள்.

இன்னொன்றும் சேர்க்க வேண்டும். அதே மக்காத்தியில் 1989 டிசம்பரில் இதே போல் படைவீரர்கள் ஓட்டல்களையும் உயர்ந்த கட்டடங்களையும் பிடித்தார்கள். அப்போது கோரி அக்கினோ அதிபர். அந்த முயற்சி ஒரு வாரத்துக்கு மேல் இழுத்தது. கிட்டத்தட்ட நூறு பேர் செத்தார்கள், அதில் ஏராளமானவர்கள் சாதாரண ஜனங்கள். அதற்குப் பின்னால் இருந்த இளம் அதிகாரிகள் அமைப்பு தனக்கு வைத்துக்கொண்ட பெயரிலேயே 'ராணுவச் சீர்திருத்தம்' இருந்தது. சர்வாதிகாரி மார்க்கோஸ் காலத்து ஊழலைக் கண்டு பொறுக்காமல் கூடியவர்கள் அவர்கள். 1986ல் மார்க்கோஸ் விழுந்ததில் அவர்களுக்கும் பங்கு உண்டு. ஆனால் அதோடு நிற்கவில்லை, அடுத்து வந்த அரசாங்கத்தின் மீதும் பாய்ந்தார்கள். ஆட்சிக் கவிழ்ப்பைத் தனிக் குற்றமாகச் சொல்லும் சட்டமே 1989க்குப் பிறகுதான், 1990ல் வந்தது.

ஆகவே ஓக்வுட்டில் யாரும் சாகவில்லை என்பதை வைத்து அந்த வழி பாதுகாப்பானது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

27 செப்டம்பர்

கேள்வி கேட்டவர் தனியாக எழுதியிருந்தார். "அவர்கள் சொன்னது பொய் என்கிறீர்களா?"

இல்லை. அதுதான் என்னை உறுத்துவதும். தாவாவோ குண்டுகளை அரசே வைத்தது என்ற பேச்சை இன்று வரை யாரும் நிரூபிக்கவில்லை, அதை நான் ஏற்கவில்லை. மற்றதில் பெரும்பகுதி, நாட்டில் எல்லோரும் வாய்க்குள் பேசிக்கொண்டிருந்ததுதான்.

2001 ஜூனில் பாசிலானில் லாமித்தான் ஊர் ஆஸ்பத்திரிக்குள் அபு சய்யாஃப் என்ற ஆள்கடத்தும் தீவிரவாதக் கும்பல் பிணைக்கைதிகளோடு புகுந்தது. ராணுவம் சுற்றி வளைத்தது. ஆனாலும் கும்பல் பின்வாசல் வழியாக நடந்து வெளியேறிவிட்டது. அதிகாரிகள் பணம் வாங்கிக்கொண்டு வழி விட்டார்கள் என்று அவ்வூர்ப் பாதிரியாரே பகிரங்கமாகக் குற்றஞ்சாட்டினார். விசாரணைகள் நடந்தன, யாருக்கும் தண்டனை இல்லை. ஓக்வுட்டுக்கு இரண்டே வாரம் முன்னால், 2003 ஜூலை 14 அன்று, அல்கோஸி என்ற குண்டுவெடிப்புக் குற்றவாளி மணிலாவில் தேசியப் போலீஸ் தலைமையகச் சிறையிலிருந்தே வெளியேறினான். காவலுக்கு இருந்தவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று நாடே கேட்டது. மலையில் தோழனைப் புதைத்துவிட்டு வருகிற ஒரு சிப்பாய் இதையெல்லாம் ரேடியோவில் கேட்டால் அவன் மனசு என்ன ஆகும்?

திரில்யானெஸ் பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தில் பொது நிர்வாகம் முதுகலை படித்தவர். படிக்கும்போது கடற்படைக் கொள்முதலில் நடக்கும் ஊழலைப் பற்றியே ஆய்வுக் கட்டுரை எழுதினார். கலகத்துக்கு ஓரிரு வருஷம் முன்பே எழுதியது. துப்பாக்கிக்கு முன்னால் அந்த மனிதர் பேனாவை எடுத்திருக்கிறார். அந்தக் காகிதத்தை மேலே இருந்த எவராவது உட்கார்ந்து வாசித்திருந்தால் என்ற நினைப்பு எனக்கு அடிக்கடி வரும்.

5 அக்டோபர்

ஞாயிறு. நேரம் இருக்கிறது, கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன். என் கண்ணுக்குத் தெரிகிற கோணம் இது.

ஓக்வுட்டுக்குப் பிறகு அரசாங்கம் ஒரு விசாரணைக் கமிஷன் போட்டது. தலைவர் ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி பிளோரென்தினோ பெலிசியானோ. 2003 அக்டோபரில் அறிக்கை வந்தது. அது இரண்டு விஷயம் சொன்னது. ஒன்று, இது ஆத்திரத்தில் திடீரென்று கிளம்பியதல்ல, ஆட்சியைப் பிடிக்கும் திட்டத்தோடு நடந்தது. இரண்டு, அவர்கள் சொன்ன குறைகளில் பல உண்மையானவை. அந்த இரண்டாவது பகுதியை வாசித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

ராணுவத்தில் 'கன்வெர்ஷன்' என்று ஒரு வழக்கம். தமிழில் சொன்னால் பொருளைக் காசாக்குவது. ஒரு படைப்பிரிவுக்குப் பொருள் வாங்க ஒதுக்கீடு வருகிறது. அங்கே அவசரமாகத் தேவைப்படுவது ரொக்கம். டீசலுக்கு, அரிசிக்கு, செத்தவனின் உடலை ஊருக்கு அனுப்ப. முறைப்படி கேட்டால் மாசக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆகவே வராத பொருளை வந்ததாகக் கையெழுத்துப் போடுவார்கள். சப்ளையருக்குக் காசோலை போகும். அவர் வரியையும் தன் பங்கையும் பிடித்துக்கொண்டு மிச்சத்தை ரொக்கமாகத் திருப்பித் தருவார். வவுச்சர், ரசீது, பரிசோதனைச் சான்று, எல்லாம் சரியாக இருக்கும். பொருள் மட்டும் இருக்காது.

முதலில் இதைச் செய்தவன் திருடனாக இருந்திருக்க மாட்டான் என்றே நினைக்கிறேன். ஆனால் பொய் ரசீது ஒன்று செல்லுபடியாகிவிட்டால், அது டீசலுக்கா மாளிகைக்கா என்று எந்தக் காகிதமும் சொல்லாது. ரொக்கம் கைமாறும் ஒவ்வொரு மேஜையிலும் கொஞ்சம் உதிரும். கடைசியில் நிற்கிறவனுக்குக் கிழிந்த பூட்ஸ்.

அதோடு ஓய்வுக்கால நிதி. சிப்பாய்களின் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்த பணத்தை ஒரு நிதியில் போட்டு, நிலத்திலும் கட்டடத்திலும் முதலீடு என்று கரைத்தார்கள். 2006ல் அந்த அமைப்பையே இழுத்து மூட வேண்டி வந்தது.

இப்போது 2025க்கு வாருங்கள். ஆகஸ்டில் அதிபரே நின்று சொன்னார், 2022 ஜூலையிலிருந்து 9,855 வெள்ளத் தடுப்புத் திட்டங்கள், 545 பில்லியன் பேசோ என்று. அதில் ஐந்தில் ஒரு பங்கு வெறும் 15 ஒப்பந்தக்காரர்கள் கையில். புலாகான் மாகாணத்தில் 55 மில்லியன் பேசோவுக்குக் கட்டி முடித்ததாகக் கணக்கில் இருந்த ஆற்றுச் சுவரைப் பார்க்கப் போனால் சுவரே இல்லை. 'பேய்த் திட்டம்' என்கிறார்கள் இங்கே. எனக்கு அது பழைய முகம். வராத பூட்ஸும் கட்டாத சுவரும் காகிதத்தில் ஒரே மாதிரிதான் இருக்கும்.

6 அக்டோபர்

நேற்று எழுதியதை மச்சினனுக்குத் தகாலோக்கில் சொல்லிக் காட்டினேன். ஓய்வுபெற்றுவிட்டான். இப்போது மரிக்கினாவில் எங்கள் வீட்டுக்கு மூன்று தெரு தள்ளி இருக்கிறான். பூட்ஸ் என்றதும் சிரித்தான். மரிக்கினா செருப்புத் தொழிலுக்குப் பேர்போன ஊர். அவன் தாய்மாமன் பட்டறை வைத்திருந்தார். ஒவ்வொரு விடுப்பிலும் வந்து தன் காலுக்கு மட்டுமல்ல, இன்னும் நான்கு பேர் கால் அளவைச் சீட்டில் எழுதிக்கொண்டு வருவான். மாமன் தைத்துக் கொடுப்பார். காசு வாங்கமாட்டார்.

"அந்த நாலு பேரில் இரண்டு பேர் இப்போ இல்லை, குயா" என்றான். குயா என்றால் அண்ணன். அக்காள் புருஷனையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

12 அக்டோபர்

ஒருவர் கேட்டிருக்கிறார்: "உங்கள் மச்சினன் அன்று மணிலாவில் இருந்திருந்தால் போயிருப்பானா?"

அதை நானே 2003 டிசம்பரில் அவன் விடுப்பில் வந்தபோது கேட்டேன். உடனே பதில் சொல்லவில்லை. சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிவிட்டு வந்துதான் பேசினான். "அவங்க சொன்னதில் பொய் இல்ல. ஆனா அதிகாரி வண்டியில் ஏறுன்னா ஏறுவோம், எங்கேன்னு கேட்கிற பழக்கம் எங்களுக்கு இல்ல. அந்த முந்நூறு பேரில் எத்தனை பேருக்கு எங்கே போறோம்னு தெரிஞ்சிருக்கும்?"

அன்று இதை நான் சரியாக வாங்கிக்கொள்ளவில்லை. அதிகாரிகளின் மனசாட்சியைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். கீழ்ப்படிவதற்கென்றே பழக்கிய ஒருவனுக்கு 'மனசாட்சிப்படி நட' என்று ஆணை போடுவதில் என்ன சிக்கல் இருக்கிறது என்பதை இப்போதுதான் யோசிக்கிறேன். நேர்மையான கேப்டனுக்குப் பின்னால் கேள்வி கேட்காமல் போகிறவன், நாளைக்கு நேர்மையில்லாத கேப்டனுக்குப் பின்னாலும் அதே போலத்தான் போவான்.

18 அக்டோபர்

மடகாஸ்கர் செய்தி பார்த்தீர்களா? மின்சாரமும் தண்ணீரும் இல்லை என்று இளைஞர்கள் தெருவுக்கு வந்தார்கள். காப்சாட் என்ற படைப்பிரிவு அவர்களோடு சேர்ந்தது. அதிபர் ரஜோவெலினா நாட்டை விட்டே போய்விட்டார். நேற்று கர்னல் ஒருவர் அதிபராகப் பதவி ஏற்றுக்கொண்டார்.

அதே காப்சாட்தான் 2009ல் கலகம் செய்து இந்த ரஜோவெலினாவை நாற்காலியில் உட்கார வைத்தது.

19 அக்டோபர், அதிகாலை

தூக்கம் வரவில்லை. நேற்றைய குறிப்பை மற்ற நாட்டைப் பார்த்துப் பேசுவது போல எழுதிவிட்டேன். இங்கேயும் அதுவேதான் நடந்தது. அன்று நானும் கைதட்டினேன்.

2001 ஜனவரி. அதிபர் எஸ்திராதா மீது ஊழல் குற்றச்சாட்டு, செனட்டில் விசாரணை. அவருக்கு எதிரான சான்று இருப்பதாகச் சொன்ன ஓர் உறையைப் பிரிக்கக் கூடாது என்று செனட்டர்கள் ஓட்டுப் போட்டார்கள். ஜனம் கொதித்து எட்சாவுக்கு வந்தது. கல்யாணம் ஆன புதிது, நானும் மனைவியும் இரண்டு இரவு அங்கே நின்றோம். மூன்றாவது நாள் ராணுவத் தலைமைத் தளபதி மேடைக்கு வந்து, அதிபருக்குத் தந்த ஆதரவைத் திரும்பப் பெறுகிறோம் என்றார். கூட்டம் அழுதது. பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத கிழவர் என்னைக் கட்டிக்கொண்டார். ஜனவரி 20 அன்று அரோயோ பதவி ஏற்றார்.

அந்தத் தளபதிதான் ஆஞ்சலோ ரேயஸ். அதற்குப் பிறகு பாதுகாப்புத் துறைச் செயலர் ஆனார். இரண்டரை வருஷத்தில், ஓக்வுட்டில் இளம் அதிகாரிகள் 'இவர் விலக வேண்டும்' என்றது அவரைத்தான். அவர் காட்டிய நியாயத்தையேதான் அவர்களும் காட்டினார்கள். ஊழல் ஆட்சிக்குப் படைவீரன் கட்டுப்பட்டவனல்ல என்று 2001ல் நாங்கள் கைதட்டிச் சொல்லிக்கொடுத்தோம். பாடத்தை அவர்கள் சரியாகத்தான் படித்திருக்கிறார்கள்.

முதல் நாள் "மறுக்கிறேன்" என்று ஒரே வார்த்தையில் எழுதினேன். அந்த வார்த்தையை அவ்வளவு எளிதாகச் சொல்லும் தகுதி எனக்கு இருந்திருக்கவில்லை.

26 அக்டோபர்

மச்சினன் அழைத்தான். எங்கள் தெருக்கோடியில் ஆற்றோரமாகச் சுவர் கட்டியிருக்கிறார்கள். பலகையில் நீளம், உயரம், தொகை எல்லாம் போட்டிருக்கிறது, வேலை முடிந்தது என்றும் இருக்கிறது. "அளந்து பார்க்கலாமா, குயா?" என்கிறான். மரிக்கினா ஆறு 15 மீட்டரைத் தொட்டால் முதல் சங்கு, 18 என்றால் எல்லோரும் வெளியேற வேண்டும். 2009 ஒண்டோய்ப் புயலில் 21 மீட்டரைத் தாண்டியது. அந்த இரவு கூரைமேல் இருந்தவர்களுக்கு இங்கே ஒரு மீட்டர் சுவர் என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை.

1 நவம்பர்

கல்லறை நாள். மாமனாருக்கு மெழுகுவர்த்தி ஏற்ற லொயோலா நினைவுப் பூங்காவுக்குப் போனோம். மரிக்கினாவில்தான் இருக்கிறது. அங்கே போகும்போதெல்லாம் ரேயஸ் நினைவுக்கு வருவார். இந்த இழையில் அவரைப் பற்றி முழுதாக எழுதாமல் விட்டால் தவறு.

2011 ஜனவரியில் செனட் விசாரணையில் ராணுவத்தின் முன்னாள் பட்ஜெட் அதிகாரி ராபுசா சாட்சி சொன்னார். ஓய்வுபெறும் தலைமைத் தளபதிகளுக்கு 'பபாஓன்' கொடுக்கும் வழக்கம் இருந்தது, ரேயஸுக்குக் குறைந்தது 50 மில்லியன் பேசோ போனது என்று. பபாஓன் என்ற சொல்லைத் தமிழில் சொல்ல வேண்டுமானால் கட்டுச்சோறு. பயணம் போகிற பிள்ளைக்கு அம்மா பொட்டலம் கட்டிக் கொடுப்பாளே, அது. என் மாமியார் பாசிலானுக்குத் திரும்பும் மகனுக்கு ஒவ்வொரு முறையும் வறுத்த கருவாடும் சோறும் வாழையிலையில் கட்டிக் கொடுத்தது பபாஓன். அந்தச் சொல்லை எடுத்து எதன்மேல் ஒட்டியிருக்கிறார்கள் பாருங்கள். செய்தியை டிவியில் கேட்ட அன்று மாமியார் எழுந்து அறைக்குள் போய்விட்டார்.

விசாரணையில் ரேயஸ், தான் எப்போதாவது பேராசை காட்டினேனா என்று சாட்சியிடமே கேட்டார். இல்லை என்றார் சாட்சி. பிப்ரவரி 8 அன்று ரேயஸ் இந்தப் பூங்காவில், தன் தாயின் கல்லறை அருகே, துப்பாக்கிக் காயத்தோடு இறந்தார். வயது 65. எந்த நீதிமன்றமும் அவரைக் குற்றவாளி என்று சொல்லவில்லை, நிரபராதி என்றும் சொல்லவில்லை. இனி சொல்லவும் முடியாது. 2001ல் நான் கைதட்டிய மனிதர். எனக்கு அவர்மேல் கோபம் உண்டு, இன்று மெழுகுவர்த்தி ஒன்று கூடுதலாகவும் ஏற்றினேன்.

2 நவம்பர்

நேற்றைய குறிப்பில் விட்டுப்போனது: ராணுவக் கணக்குத் தலைவராக இருந்த மேஜர் ஜெனரல் கார்லோஸ் கார்சியா. ஓக்வுட் நடந்து ஐந்தே மாதத்தில், 2003 டிசம்பரில், அவருடைய மகன்கள் சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் 1 லட்சம் டாலரை அறிவிக்காமல் கொண்டு வந்து சிக்கினார்கள். பணம் எங்கிருந்து வந்தது என்று அவர் மனைவி அமெரிக்கச் சுங்கத்துறைக்கு ஒரு விளக்கம் எழுதினார். கணவருக்கு ஒப்பந்தக்காரர்கள் நன்றிக்காகப் பணமும் பரிசும் தருவது உண்டு என்று. அந்த விளக்கமே பிறகு அவர்களுக்கு எதிரான சான்றாக நின்றது. 303 மில்லியன் பேசோ கொள்ளை வழக்கு.

முந்நூறு துப்பாக்கியால் நிரூபிக்க முடியாததை ஒரு கடிதம் காட்டிக்கொடுத்தது. அதைத் தொடர்ந்து வங்கி வங்கியாகப் போய்க் காகிதம் சேர்த்தவர் ஹெய்தி மெந்தோசா என்ற தணிக்கையாளர். 2011ல் செனட்டின் முன் உட்கார்ந்து வரிசையாகச் சொன்னார்.  என் தொழிலில் இருக்கிற எவருக்கும் அந்தப் பெண்மணியின் பெயர் மறக்காது.

9 நவம்பர்

அந்த இளம் அதிகாரிகள் என்ன ஆனார்கள்?

கம்பாலாவும் இன்னும் சிலரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். 2008ல் மக்காத்தி நீதிமன்றம் தண்டித்தது. அடுத்த மாதமே மன்னிப்பு. மன்னித்தவர் யாரைப் பதவியிலிருந்து இறக்கப் போனார்களோ அதே அரோயோ.

திரில்யானெஸ் சிறையிலிருந்தபடியே 2007ல் செனட்டரானார். ஒரு கோடிக்கு மேல் ஓட்டு, அதில் என் மனைவியின் ஓட்டும் உண்டு. அதே ஆண்டு நவம்பர் 29ல் விசாரணையின் நடுவே நீதிமன்றத்தை விட்டு எழுந்து நடந்து, மணிலா பெனின்சுலா ஓட்டலுக்குள் போய் மறுபடி அரோயோ விலக வேண்டும் என்றார். கவச வண்டி ஓட்டல் வாசலை இடித்துக்கொண்டு உள்ளே வந்தது. ஜனம் திரளவில்லை. 2010ல் அதிபர் நோய்நோய் அக்கினோ பொது மன்னிப்புத் தந்தார். 2018ல் அதிபர் துதெர்தே அந்த மன்னிப்பு செல்லாது என்றார். 2024ல் உச்ச நீதிமன்றம் துதெர்தே செய்ததுதான் செல்லாது என்றது. இருபத்தொரு வருஷம்.

என் மனசுக்கு ஆறாதது நிகனோர் ஃபேல்தோன். ஓக்வுட் தலைவர்களில் ஒருவர். காவலிலிருந்து தப்பிப் போய் நாட்டு ஊழலைப் பற்றிப் பேசியவர். 2016ல் சுங்கத்துறைக்கே ஆணையர் ஆக்கினார்கள். அடுத்த ஆண்டு சீனாவிலிருந்து 6.4 பில்லியன் பேசோ மதிப்புள்ள போதைப்பொருள் அதே சுங்கத்தைத் தாண்டி உள்ளே வந்தது. அவர் பதவி விலகினார். அவர் கை நனைந்ததா என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. சுத்தம் செய்யத்தான் போகிறார் என்று நம்பி அன்று நான் நண்பர்களிடம் வாதாடினேன். துப்பாக்கியோடு கட்டடத்தைப் பிடிக்கும் துணிச்சலுக்கும், ஒரு அலுவலகத்தில் தினம் ஆயிரம் ரசீதைச் சரிபார்க்கும் பொறுமைக்கும் சம்பந்தமே இல்லை என்று அப்போது தெரியவில்லை.

10 நவம்பர்

நேற்றையதை வாசித்துவிட்டு மச்சினன் கேட்டான். "சரி குயா, காகித வழியில் மட்டும் என்ன கிடைச்சது?"

நியாயமான கேள்வி. கார்சியா 2010ல் அரசுத் தரப்போடு பேரம் பேசிச் சிறிய குற்றத்தை ஒப்புக்கொண்டு ஜாமீனில் வெளியே வந்தார். ராணுவ நீதிமன்றத் தண்டனைக்காக 2011ல் மறுபடி உள்ளே போனார். ஊழல் வழக்குகளை விசாரிக்கும் நீதிமன்றத்தின் தண்டனை வந்தது 2022 ஜூலையில். மகன்கள் பிடிபட்டுப் பதினெட்டரை வருஷம் கழித்து. அதற்குள் மச்சினனுடைய நான்கு சோடி பூட்ஸுக்காரர்களில் இரண்டு பேர் மண்ணுக்குள்.

இதற்கு என்னிடம் பதில் இல்லை. வேகமான பதில் வேண்டும் என்று தோன்றும் அந்தக் கணத்தில்தான் கண் தளபதிகளின் பக்கம் திரும்புகிறது. என் கண்ணும் திரும்பியது. இந்த செப்டம்பர் கூட்டத்திலும் மேடையிலிருந்து ஒருவர் ராணுவத்தைக் கூப்பிட்டபோது என் கை மேலே எழுந்தது. பாதியில் இறக்கினேன்.

16 நவம்பர்

அளந்தோம். பெரிய நாடா ஒன்று, மச்சினன், நான், பக்கத்து வீட்டுப் பையன். பலகையில் இருப்பதைவிட முப்பத்தெட்டு மீட்டர் குறைவு. இரண்டாவது தடவை மறுகோடியிலிருந்து அளந்தோம். அதேதான்.

மச்சினன் சுவரின்மேல் உட்கார்ந்து வெகுநேரம் ஆற்றைப் பார்த்தான். "யாரைப் போய்ச் சுடறது?" என்றான். கோபமில்லை. களைப்பாக இருந்தது அந்தக் குரல்.

30 நவம்பர்

போனிபாசியோ நாள். மறுபடி பேரணி. எட்சா நினைவுச் சின்னத்துக்கு இருவரும் போனோம்.

வழியில் அந்தச் சிவப்புப் பட்டையின் கதையை அவனிடம் கேட்டேன். கத்திப்புனான் ஸ்பெயினுக்கு எதிராக 1892ல் தொடங்கிய ரகசிய இயக்கம், தொடங்கியவர் போனிபாசியோ. காவீத்தே மாகாணத்தில் அது இரண்டு பிரிவானது. அதில் ஒன்று அகினால்தோவின் மக்தாலோ. ஓக்வுட் அதிகாரிகள் தங்களைப் புதிய கத்திப்புனான்காரர்கள் என்றார்கள், கையில் கட்டியது மக்தாலோவின் சூரியனை. "அந்த மக்தாலோ தலைவர் ஆட்சிக்கு வந்ததும்தானே போனிபாசியோவைச் சுட்டாங்க, 1897ல்?" என்றான். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படிப்பதுதான். இவ்வளவு வருஷம் அந்தப் பட்டையைப் பற்றிப் பேசியும் இதைச் சேர்த்துப் பார்த்ததில்லை நான்.

நினைவுச் சின்னத்துக்குக் கொஞ்சம் முன்னால் நின்று, தலையிலிருந்த பழைய படைப்பிரிவுத் தொப்பியைக் கழற்றிப் பைக்குள் வைத்தான். ஏன் என்றேன். "யாராவது பார்த்தா, ராணுவம் வந்துட்டதுன்னு நினைப்பாங்க. நான் மரிக்கினாவிலிருந்து வந்திருக்கேன்" என்றான்.

4 டிசம்பர்

சுவரைப் பற்றிய புகாரைக் கொடுத்துவிட்டோம். அளவு, நாள், நேரம், பன்னிரண்டு புகைப்படங்கள், பலகையின் படம் ஒன்று. மூன்று பிரதி. தகாலோக்கில் எழுதியது மச்சினன், கணக்கைச் சரிபார்த்தது நான். சாட்சியாகப் பக்கத்து வீட்டுப் பையனும் அவன் பாட்டியும் கையெழுத்துப் போட்டார்கள். வரிசையில் இரண்டரை மணி நேரம். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் ஒவ்வொரு பக்கத்தையும் புரட்டிப் பார்த்து, பெற்றுக்கொண்டதாக முத்திரை குத்தி, எங்கள் பிரதியில் எண்ணும் தேதியும் எழுதிக் கொடுத்தார்.

மச்சினன் அதை இரண்டாக மடிக்கவில்லை. வீடு வரைக்கும் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக் கொண்டுவந்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, தன் ஓய்வூதியக் காகிதங்களுக்கு மேலே வைத்தான். வெள்ளம் வந்தால் முதலில் எடுக்கிற பெட்டி அதுதான்.